பீரோவுக்கு விட்ட பெருமூச்சு

ஜூன் 2, திங்கள்

தொண்டை டாக்டர் ஒரு மாதம் வாயை மூடச் சொல்லிவிட்டார். பேசாமல் இருந்தால் வெடித்துவிடுவேன் டாக்டர் என்றேன். அப்படியானால் எழுதுங்கள் என்றார். ஜவுளிக்கடைக்காரன் கொடுத்த போன வருஷத்து டைரி ஒன்று வீட்டில் சும்மா கிடந்தது. கிழமை எல்லாம் தப்பாக இருக்கும். அடித்து எழுதிக்கொள்கிறேன். அஞ்சாவதோடு நின்ற கையெழுத்துக்கு இது போதும்.

தொண்டையில் ஒன்றுமில்லை. சின்ன முடிச்சு. டாக்டர்தான் குழாயை விட்டு, டிவியில் காட்டி, அதைப் பெரிதாக்கிவிட்டார். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். பெருமூச்சு விடுகிறேன் என்றேன். கல்யாணமான எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள், வேலை என்ன என்றார். அதுதான் வேலை என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டார்.

அவருக்கு விளக்கிச் சொன்னால் அதற்கும் திட்டுவார். இங்கே எழுதுகிறேன். சாலிகிராமத்தில் எங்கள் ஸ்டூடியோவில் இந்தி சீரியலுக்குத் தமிழ்க் குரல் கொடுக்கிறோம். இப்போது ஓடுவது 'தங்கக் கூண்டில் தாமினி'. பெரிய மாளிகை, தூங்கும்போதும் நகை, விடிந்தால் அழுகை. இந்திக் குரலை எடுத்துவிட்டால் அதோடு அவர்களுடைய மூச்சும் விக்கலும் விசும்பலும் சேர்ந்து போய்விடும். வசனம் பேச ஆள் உண்டு. மூச்சு விட நான். அந்த மாளிகையில் மாமியார் முதல் வேலைக்காரி வரை எல்லாப் பெண்களும் இந்த ரெஜினாவின் மூக்கு வழியாகத்தான் மூச்சு விடுகிறார்கள். நான் இரண்டு நாள் படுத்தால் குடும்பமே காலி.

மாமியார் மாதாஜியின் வசனமும் முன்பு நான்தான் பேசினேன். போர் அடித்தது, விட்டுவிட்டேன். இப்போது சுகிர்தா பேசுகிறாள். நன்றாகத்தான் பேசுகிறாள். வெண்டைக்காய்க்கு வாய் இருந்தால் அப்படித்தான் பேசும்.

ஜூன் 5, வியாழன்

ஸ்டூடியோவுக்குப் புது மேனேஜர். பிரணவ் என்று பெயர், இன்ஜினியர். முதலாளியின் மகளைக் கட்டப்போகிறவர், மாமனாருக்குத் திறமையைக் காட்ட வந்திருக்கிறார். என்னை ஆன்ட்டி என்கிறார். முன்னந்தலையில் நாலு முடிகூட இல்லாத மனிதர். நானும் விடாமல் தம்பி என்கிறேன்.

காலையில் சவுண்ட் இன்ஜினியர் அன்சாரி பாய் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஒரு வரியைத் திரும்பப் பேச வைக்க வேண்டுமென்றால் எந்த வரி என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டார். பாய் யோசிக்கவே இல்லை. இரண்டாவது தடவை வளையல் உடையும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் என்று சொன்னார். தம்பி முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஆபரேஷன் தியேட்டரில் அரிவாள்மனையைக் கண்டவர் மாதிரி ஆகிவிட்டார்.

எங்கள் வழக்கம் எங்களுக்குத்தான் தெரியும். வசனம் எழுதுகிறவர் உமாபதி சார். இரண்டே விரலால் கம்ப்யூட்டரில் தட்டுவார். திரையில் யாராவது மூச்சு விடும் இடம் வந்தால் ஒன்றும் எழுத மாட்டார், ஒரு வரியைக் காலியாக விட்டுவிடுவார். காலி வரி வந்தால் என் முறை. பாய் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையைக் காட்டுவார். அழுகையா, விக்கலா, பொறாமையா என்பது திரையைப் பார்த்தால் எனக்குத் தெரியும். எழுதிக் காட்ட என்ன இருக்கிறது.

கேஸ் தீர்ந்துவிட்டது. ராத்திரிக்கு மாடி வீட்டு அம்மாவின் அடுப்பில் கஞ்சி.

ஜூன் 9, திங்கள்

தம்பி ஒரு வித்தை கொண்டுவந்தார். பேட்ச் ஃபைல் என்று பெயர். உள்ளே நாலைந்து வரி கட்டளைதான் இருக்கிறதாம். வசன ஃபைலை இழுத்து அதன் தலையில் போட்டால், கறுப்பு ஜன்னல் ஒன்று கண்ணைச் சிமிட்டும். அவ்வளவுதான், ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நம்பர் விழுந்துவிடும். நாங்கள் எல்லாரும் கூடி நின்று பார்த்தோம். கறுப்பு ஜன்னல் வந்த வேகத்தில் போனதைப் பார்த்தால் எங்களைக் கண்டு பயந்த மாதிரி இருந்தது.

இனிமேல் வளையல், கண்ணீர் எல்லாம் கிடையாது, நம்பர் சொன்னால் போதும் என்றார். நல்லதுதான் என்று நானும் சொன்னேன். அப்போதுதான் என் குரலைக் கவனித்தார்.

"ஆன்ட்டி, உங்க வாய்ஸ் ஏன் இப்படி இருக்கு? கோல்டா?"

"என் தொண்டை இப்படித்தான் தம்பி இருக்கும். பிடிக்கலன்னா காதைக் கழட்டி டேபிள் மேல வச்சிடுங்க."

உமாபதி சாருக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது. சிரித்ததில் கண்ணில் தண்ணீர். ஒரு வாரம் அரக்கோணம் போகிறாராம், அக்கா மகன் கல்யாணம். ஒரு வாரத்துக்கான வசனத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டார். போய் வாங்க சார், விருந்தில் பேசுகிறவர்களுக்கெல்லாம் நம்பர் போட்டு வாங்க என்று அனுப்பி வைத்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை எழுதாவிட்டால் பாவம்.

மாதாஜி தன் மகனைக் கடத்தியவனை நேருக்கு நேர் பார்க்கும் கட்டம். உமாபதி சார் எழுதியது, 'துரோகி! என் மகன் எங்கே! சொல்லு!' ஆச்சரியக்குறி இல்லாமல் அவருக்குப் பசிக்காது. தம்பியின் பேட்ச் ஃபைலுக்கோ ஆச்சரியக்குறி ஆகாது. இரண்டு குறிக்கு நடுவில் இருப்பதைக் குறியோடு சேர்த்து விழுங்கிவிடுமாம். நம்பர் போட்டு வந்த தாளில் இருந்தது இவ்வளவுதான்: 'துரோகி சொல்லு'.

சுகிர்தா தாளில் இருப்பதைப் பேசுகிறவள். பேசினாள். போனை எடுத்துத் தங்கச்சியிடம் கேட்பது மாதிரி, துரோகி, சொல்லு. திரையில் மாதாஜி நரம்பு புடைக்கக் கத்துகிறாள், குரல் மட்டும் சௌக்கியம் விசாரிக்கிறது. பாய் கன்ட்ரோல் ரூமில் மேஜைக்கு அடியில் போய்விட்டார்.

தம்பி மத்தியானம் சாப்பிடவே இல்லை. உட்கார்ந்து சரி செய்துவிட்டார். அந்த வகையில் கெட்டிக்காரர்தான். அவர் பங்கு லட்டு எனக்கு வந்தது.

ஜூன் 12, வியாழன்

நாளைக்கு எனக்கு லைன் எதுவும் இல்லையாம். தம்பி கூப்பிட்டுச் சொன்னார். நாளைக்கு மாதாஜியின் புருஷன் சாகிறான். அந்த வீட்டில் பல்லி செத்தாலே எனக்கு அரை நாள் வேலை இருக்கும். தாளை வாங்கிப் பார்த்தேன். நம்பர் ஒன்று, இரண்டு, மூன்று என்று ரயில்பெட்டி மாதிரி கோத்து வந்திருக்கிறது. நடுவில் ஒரு காலி வரிகூட இல்லை. பேட்ச் ஃபைல் காலி வரியைக் கண்டால் தாண்டிப் போய்விடுகிறது. வழியில் தெரிந்தவளைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போகிறவர்கள் இல்லையா, அப்படி.

பாய் எடுத்துச் சொல்லிப் பார்த்தார். காலி வரியில் என்ன பாய் ரெக்கார்ட் பண்றது என்று தம்பி கேட்டார். முதலாளியின் வருங்கால மாப்பிள்ளையிடம் அதற்குமேல் என்ன பேசுவது. எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. டாக்டரும் ஓய்வெடுக்கத்தானே சொன்னார்.

பரணைத் துடைத்தேன். கட்டிலை நகர்த்தினேன். திரும்பப் பழைய இடத்துக்கே நகர்த்தினேன்.

ஜூன் 14, சனி

கூழ்வற்றல் பிழிந்தேன். தின்ன ஆள் இல்லை என்று பிழிந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஜூன் 18, புதன்

சாயந்திரம் மாடி வீட்டு அம்மா ரிமோட்டோடு கீழே ஓடி வந்தார். டிவியில் என்னமோ கோளாறு என்றார். என் வீட்டில் போட்டுப் பார்த்தோம். தாமினி ஓடுகிறது. புருஷன் பிணத்தின்மேல் விழுந்து மாதாஜி அழுகிறாள். மார்பில் அடித்துக்கொள்கிறாள், வாய் காது வரைக்கும் போகிறது, சத்தம் இல்லை. பின்னால் பெண்கள் பத்துப் பேர், அவர்களுக்கும் இல்லை. மேளம் மட்டும் அடிக்கிறது.

"என்ன ரெஜினா இது, தொட்டி மீன் மாதிரி எல்லாரும் வாயைத் தொறந்து தொறந்து மூடுறாளுங்க?"

சிரித்துச் சிரித்து எனக்கு இருமல் வந்துவிட்டது. இருமல் நிற்க ரொம்ப நேரம் ஆனது. மாடி வீட்டு அம்மா வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டு என்னையே பார்த்தார். தூசி என்றேன்.

பாய் போன் செய்தார். சேனல்காரர்கள் கிழித்துவிட்டார்களாம். நாளைக்கு முதல் வேலையாக வரச் சொன்னார்.

ஜூன் 19, வியாழன்

ராஜ மரியாதை. தம்பியே எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். உமாபதி சார் அரக்கோணத்திலிருந்து திரும்பிவிட்டார், ஒரு காலி வரி என்றால் ஒரு மூச்சு என்று தம்பிக்குப் பாடம் நடத்தி முடித்திருந்தார். ஏன் சார் முதல்லயே சொல்லல என்று தம்பி பரிதாபமாகக் கேட்டார். கேட்டால்தானே சொல்வது.

தம்பி பேட்ச் ஃபைலைத் திறந்து வேறு கட்டளை ஒன்றை உள்ளே வைத்தார். ஃபைலை இழுத்துப் போட்டார். கறுப்பு ஜன்னல் சிமிட்டியது. இப்போது காலி வரிக்கும் நம்பர். நம்பர், பக்கத்தில் ஒன்றுமில்லை. மறுபடி நம்பர், ஒன்றுமில்லை. பார்க்கப் பார்க்க எனக்கு ஆனந்தம். ஒன்றுமில்லாத இடத்துக்கெல்லாம் கதவு எண் கொடுத்துவிட்டார்கள். ஊரில் என்னை ஒரு ஆளாக மதித்து நம்பர் கொடுத்தது ரேஷன் கடைக்கு அப்புறம் இந்தத் தம்பிதான்.

உமாபதி சார் மட்டும் சிரிக்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே, எல்லாக் காலி வரிக்கும் போட வேண்டுமா தம்பி என்று கேட்டார். எல்லாத்துக்கும்தான் சார் என்றார் தம்பி. கல்யாணச் சாப்பாடு அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

ஜூன் 20, வெள்ளி

தம்பி தாளைக் கையில் வைத்துக்கொண்டு திரையோடு ஒவ்வொரு நம்பராக ஒப்பிட்டார். நான் பக்கத்தில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஒரு காலி நம்பரில் நிறுத்தினார்.

"இது யாரு மூச்சு ஆன்ட்டி?"

பார்த்தேன். திரையில் ஒரு பீரோ. மூடின பீரோ. பக்கத்தில் ஆள் இல்லை, நிழல் இல்லை.

"உள்ள யாராவது இருப்பாங்க தம்பி. பெரிய குடும்பம்."

பாய் சிரிக்கவில்லை. தம்பி அடுத்த காலி நம்பருக்குப் போனார். கார் போகிறது. அடுத்தது கோயில் மணி. அதற்கடுத்தது மறுபடி அந்தப் பீரோ. பழைய தாள்களையும் எடுத்து நம்பர் போட்டுப் பார்த்தார். வேண்டியதற்கு மேல் அதே அளவு காலி வரி. திரையைப் பார்த்தால் தெரியும் என்று பெருமையாக எழுதினேனே, இருட்டில் பாய் கையைக் காட்டியதும் பார்க்காமலே மூச்சு விடுவது பழகிவிட்டது எனக்கு. பீரோவுக்கு விக்கி விக்கி அழுதிருக்கிறேன்.

உமாபதி சாரைக் கேட்டார் தம்பி. விரல் தட்டிவிட்டது என்றார் அவர். இவ்வளவு நாளாகவா சார் என்றார் தம்பி. ஆமாம், தடித்த விரல் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

நான் விட்டதெல்லாம் எங்கே என்று பாயைப் பிடித்து உலுக்கினேன். ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்திருக்கிறாராம். அழிக்க மனசு வரவில்லையாம். மாதாஜி வசனத்தில் என் குரல் உடைந்த அன்றைக்கு முதலாளி என்னை அனுப்பிவிடச் சொன்னாராம். மூச்சுக்குத் தனியாக ஆள் வேண்டும், நாள் முழுக்க வேலை இருக்கிறது என்று உமாபதி சார் சண்டை போட்டாராம். நாள் முழுக்க வேலை இல்லாத நாட்களில் உண்டாக்கினாராம்.

போர் அடித்தது, விட்டுவிட்டேன் என்று முதல் நாள் எழுதியிருக்கிறேன். அதை அடிக்கப் போவதில்லை. இருக்கட்டும்.

ஜூன் 21, சனி

உமாபதி சாரிடம் பேசவில்லை. டாக்டர் பேசக்கூடாது என்று சொன்னதால். சொல்லாவிட்டாலும் பேசியிருக்க மாட்டேன். வாசலில் மூன்று தடவை குறுக்கே வந்தார். என்மேல் இரக்கப்பட இவர் யார், பஞ்சாயத்து போர்டா? பிச்சை போடுகிறவர்கள் காசைப் போடுவார்கள், இவர் காற்றைப் போட்டிருக்கிறார்.

பாத்ரூம் குழாய் சொட்டுகிறது. ஆளைக் கூப்பிட வேண்டும்.

ஜூன் 23, திங்கள்

தம்பி தனியாகக் கூப்பிட்டார். கண்ணைப் பார்க்காமல் பேசினார். திரையில் ஆள் இருந்து, தாளில் அதற்கு நம்பர் இருந்தால்தான் ரெக்கார்டிங். பீரோ, கார் எல்லாம் வெட்டியாகிவிட்டது. நிஜமான மூச்சு கொஞ்சம்தான் மிச்சம், அதை மாதாஜி பேசும்போதே சுகிர்தா விட்டுவிடுவாள்.

"மாமாவுக்கு நான் கணக்குக் காட்டணும் ஆன்ட்டி. தப்பா எடுத்துக்காதீங்க."

எடுத்துக்கொள்ளவில்லை. வெண்டைக்காய்க்கு அழத் தெரியுமா என்று மட்டும் கேட்டேன். பாதியில் குரல் நின்றுவிட்டது. தம்பி தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கிக் குடித்தேன், நல்ல விலையுயர்ந்த பாட்டில்.

எனக்கு நம்பர் வேண்டுமென்று குதித்தவளும் நான்தானே. கேட்டது கிடைத்துவிட்டது.

ஜூன் 25, புதன்

டாக்டரைப் பார்த்தேன். முடிச்சு கரைந்தாலும் குரல் இப்படித்தான் இருக்குமாம். மருந்துக்கடையில் கூட்டம். மத்தி மீன் வாங்கினேன், நல்ல புதுசு.

ஜூன் 26, வியாழன்

பாய் போன் செய்தார். நாளைக்கு எனக்கு லைன் இருக்கிறதாம். காலி இல்லை, எழுத்தோடு. விளையாடாதீங்க பாய் என்று வைத்துவிட்டேன்.

ஜூன் 27, வெள்ளி

எதற்கும் போய்ப் பார்ப்போம் என்று போனேன். புது ஜாக்கெட் போட்டுக்கொண்டு போனது அதற்காக இல்லை, மற்றது எல்லாம் துவைக்கப் போட்டிருந்தது.

மாதாஜி வீட்டுச் சமையலறையில் ஒரு ஆள் உண்டு. தலையோடு போர்வை சுற்றிக்கொண்டு, கேமராவுக்கு முதுகைக் காட்டி, எந்நேரமும் அண்டாவைக் கிண்டிக்கொண்டிருக்கும். இந்தியில் அதற்கு ஒரு வார்த்தைகூட இல்லை. மாதாஜி வந்து அதைத் திட்டிவிட்டுப் போவாள். தாளில் பார்த்தால் திட்டுகளுக்கு நடுவில் அந்தச் சமையல்காரிக்கு வசனம். ஒவ்வொன்றுக்கும் நம்பர்.

உமாபதி சார் கதவோரம் நின்றார். பேசக்கூடாது என்றுதான் இருந்தேன், வேலை விஷயமாயிற்றே.

"வாயே தெரியலையே சார். எப்படிப் பேசுறது?"

"முதுகுக்கு எதுக்கு ரெஜினாம்மா வாய்? நீங்க பேசுங்க."

தம்பி தாளைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். இந்தியில் வாயே திறக்காத ஆளுக்கு வசனம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் முடிந்தது கதை. திரையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். என்னையும் உமாபதி சாரையும் பார்த்தார்.

"ஆள் இருக்கு, நம்பர் இருக்கு. எனக்கு அது போதும்" என்று சொல்லிவிட்டு, வராத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். அந்த முன்வழுக்கையைப் பற்றி இனி எழுத மாட்டேன்.

உள்ளே போய் மைக்குக்கு முன்னால் நின்றேன். வார்த்தை பேசி எத்தனை நாளாயிற்று. திரையில் மாதாஜி வருகிறாள், சுகிர்தாவின் குரலில் கேட்கிறாள், என்ன குரல் இது, தகரத்தை இழுக்கிற மாதிரி. பாய் கையைக் காட்டினார். தாளைப் பார்த்தேன். பார்த்ததும் எனக்கு யார் எழுதியது, எங்கே கேட்டது என்று எல்லாம் தெரிந்துவிட்டது.

"என் தொண்டை இப்படித்தான் மாதாஜி இருக்கும். பிடிக்கலன்னா காதைக் கழட்டி மேஜை மேல வச்சிடுங்க."

'மேஜை'யில் குரல் இரண்டாகப் பிளந்தது. நின்றுவிட்டேன். இன்னொரு தடவை எடுக்கலாம் பாய் என்றேன். அப்புறம் ஸ்பீக்கரில் உமாபதி சார் குரல் வந்தது.

"அதேதான் வேணும். அடுத்தது போங்க."

வெளியே வந்தபோது சுகிர்தா என்னைப் பிடித்துக்கொண்டாள். என் மாதாஜியை நாலு வரியில் காலி பண்ணிட்டீங்களே அக்கா என்றாள். இந்தப் பெண்ணை நான் வெண்டைக்காய் என்று எழுதியிருக்கக் கூடாது. முருங்கைக்காய் என்று சொல்லலாம், சாறு இருக்கிறது.

ஜூன் 30, திங்கள்

மாடி வீட்டு அம்மாவுக்கு மாதாஜியைப் பிடிக்காமல் போய்விட்டது. அந்தச் சமையல்காரிதான் இப்போது அவருக்கு எல்லாம். இன்றைக்கு அது என்ன சொல்லும் என்று கேட்கிறார். அது நான்தான் என்று சொன்னேன். நம்பவில்லை. குரலைக் கேட்டும்.

குழாய்க்காரன் வந்தான். இப்போது வேறு இடத்தில் சொட்டுகிறது.

ஜூலை 4, வெள்ளி

புது எபிசோட் டேப் வந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். சமையலறை. வழக்கம்போல முதுகு, போர்வை, அண்டா. மாதாஜி வந்து கத்துகிறாள். அப்போது முதல்முறையாக அந்த முதுகு திரும்பியது. போர்வையை விலக்கியது.

மீசை. சாதாரண மீசை இல்லை, இரண்டு பக்கமும் முறுக்கி விட்ட மீசை. கீழே ஒரு வாய், அது இந்தியில் பேச வேறு செய்கிறது. இத்தனை நாள் மாளிகையில் ஒளிந்திருந்தவனாம், மாதாஜியின் தொலைந்துபோன தம்பியாம்.

ஒரு வாரமாக அந்த ஆளைப் பொம்பளையாக்கிப் பேச வைத்து ஒளிபரப்பியும் ஆகிவிட்டது. மேனேஜர் தம்பிக்கு வியர்த்துவிட்டது. உமாபதி சார் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். என் வேலை போனது போனதுதான், இவர்கள் இரண்டு பேரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறேன் என்று நினைத்தேன். தம்பி ஒருவழியாக சேனலுக்குப் போன் போட்டார். திரும்பி வந்தபோது முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"அவங்க மொதல்ல இருந்தே ஆம்பளைன்னுதான் ஆன்ட்டி நினைச்சிட்டு இருந்திருக்காங்க. குரல் செம்ம பொருத்தம், அதே ஆளையே போடுங்கன்னு சொல்றாங்க."

முதலில் சிரித்தது சுகிர்தா. அப்புறம் பாய். அப்புறம் எல்லாரும். எனக்கு அவமானமாகத்தான் இருந்தது, ஒரு நிமிஷம். பதினாறு வயசில் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் குயில் மாதிரி குரல் என்று சொல்லிவிட்டுப் போனார்கள், திரும்பி வரவே இல்லை. மீசைக்காரனுக்கு ஆயுசு கெட்டியாம், இந்தியில் இன்னும் நிறைய எபிசோட் வருகிறதாம். தினமும் மீசையை முறுக்கிக்கொண்டு வருவேன் தம்பி, என்னை இனிமேல் ஆன்ட்டி என்று கூப்பிடக்கூடாது என்றேன்.

சாயந்திரமே ரெக்கார்டிங். அக்காளும் தம்பியும் கட்டிக்கொண்டு அழும் கட்டம் வரை பேசி முடித்தேன். கடைசித் தாளைப் புரட்டினால், என் கடைசி வசனத்துக்குக் கீழே இன்னும் ஒரு நம்பர். பக்கத்தில் ஒன்றும் இல்லை. திரையைப் பார்த்தேன். அந்தப் பீரோ.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உமாபதி சார் தன் இரண்டு விரலையும் தூக்கிக் காட்டி, தட்டிவிட்டது என்று தலையை ஆட்டினார். தம்பி பக்கத்தில்தான் நின்றார். பார்த்தும் பார்க்காத மாதிரி கூரையைப் பார்த்தார்.

பாய் கையைக் காட்டினார். பீரோவுக்கு ஒரு பெருமூச்சு விட்டேன். நல்ல மூச்சு, அடிவயிற்றிலிருந்து வந்தது. பாய் ஓகே சொன்னார்.